ஆமைக் கப்பலின் கடைசிப் பக்கங்கள்

முப்பத்தொரு வருடம் தேடிக் கண்டுபிடித்த புத்தகத்தின் கடைசி நாற்பத்து நான்கு பக்கங்களை நான் ஈறாக மாற்றியபோது காலை மணி பதினொன்று. ஈறு என்றால் வாய்க்குள் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற அதே ஈறுதான். நான் பல் செய்கிறவன். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் லேபில் உட்கார்ந்து மெழுகிலும் அக்ரிலிக்கிலும் பல் செட் செய்து திருப்பி அனுப்புவோம். இந்த ஊரில் அறுபதைத் தாண்டிய யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. பல் செட்டின் ஈறுக்கு, இளஞ்சிவப்பு அக்ரிலிக் தூளில் ஒரு திரவத்தை ஊற்றிக் கலக்கினால் முதலில் தண்ணீராக ஓடும், பிறகு பசை மாதிரி இழுக்கும், பத்தே நிமிடத்தில் கல்லாகிவிடும். அதற்கப்புறம் கடவுளே இறங்கி வந்தாலும் கையில் ரம்பத்தோடுதான் வர வேண்டும்.

அன்றைக்கு நான் செய்துகொண்டிருந்தது பல் இல்லை, விண்கலத்தின் வால்துடுப்பு. லேபில் மிஞ்சுகிற தூளைக் கொண்டுவந்து விண்கலப் பொம்மைகள் செய்வது என் பொழுதுபோக்கு. அதனால் என் கப்பற்படை முழுவதும் ஈறு நிறத்தில் இருக்கும். கல்யாணமான புதிதில் இதற்கென்று எனக்கு ஒரு தனி அறை இருந்தது. மகள் பிறந்ததும் அது தொட்டில் அறையானது. நான் பால்கனிக்குப் போனேன். பால்கனிக்கு அவளுடைய மூன்று சக்கர சைக்கிள் வந்தது. நான் சாப்பாட்டு மேசையின் மூலைக்குப் போனேன். இப்போது என் மொத்தப் பட்டறையும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்து என்னையே அதில் வைத்து மூடிவிடுவார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். "உங்க சைஸுக்குப் பெட்டி கிடைக்காது" என்றாள்.

மேசையில் இடது கையில் கிண்ணம், வலது கையில் கலக்குகிற கரண்டி, எதிரே விரித்துவைத்த புத்தகம். கிண்ணம் கவிழ்ந்தது இதில் பெரிய குற்றம் இல்லை. புத்தகம் விரிந்திருந்ததுதான் குற்றம்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மகளுக்கு ஏழு வயதில், அவளுடைய கோணல் எழுத்தில், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சட்டம்: ஒருத்தரை விட்டுவிட்டு இன்னொருத்தர் ஒரு பக்கம்கூட முன்னால் படிக்கக் கூடாது. கோடை விடுமுறையில் பத்து நாள் லீவு போடுவேன். அந்தப் பத்து நாளை எந்தக் கல்யாணத்துக்கும் யாரும் கேட்கக் கூடாது. மத்தியானம் மூன்று மணிக்கு மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் படுத்துக்கொண்டு நான் சத்தமாக வாசிப்பேன், அவள் காலைச் சுவரில் ஏற்றி வைத்துக்கொண்டு கேட்பாள். ஒரு கோடைக்கு ஒரு பாகம். மொத்தம் ஏழு பாகம். இப்போது அவளுக்குப் பதின்மூன்று. இது ஏழாவது.

கதை ஒன்றும் பெரிய இலக்கியம் இல்லை. அண்டத்திலேயே மெதுவான தபால் கப்பலின் கதை. கப்பலுக்குப் பெயர் ஆமை. அது ஒரு கிரகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எழுதியவனுக்குப் பேரன் பிறந்துவிடும். ஓட்டுகிறவரை எல்லோரும் தாடி என்பார்கள். கோபக்காரர். கையெழுத்து வாங்காமல் ஒரு தபால் அட்டையைக்கூடக் கொடுக்க மாட்டார். வழியில் ஒரு பூதம் கடிதம் வாங்க வந்தபோதும் ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். முதல் பாகத்தில், ஒரு மூட்டைக்குள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற சின்னப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறார். நெற்றியில் தபால் முத்திரை. கழுத்தில் ஒரு சீட்டு: "சேர வேண்டிய இடம், கடைசிக் கிரகம்." அவளுக்கு முத்திரை என்றே பெயர் வைத்துவிடுகிறார். பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் வேலை. ஆனால் ஒவ்வொரு பாகத்திலும் வேறு ஏதாவது கடிதம் அவசரமாகிவிடும். இதை முதலில் கொடுத்துவிடுவோம், அவளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆமையைத் திருப்பிவிடுவார்.

நான் இதைப் படித்தது என் ஏழாவது வயதிலிருந்து பன்னிரண்டு வரை. சைக்கிள் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் ஒரு வாடகைப் புத்தக நிலையம் இருந்தது. அறை என்று சொன்னால் அறைகள் கோபித்துக்கொள்ளும். இரண்டு அலமாரிகளுக்கு இடையில் ஓர் ஆள் திரும்பும் அளவுக்கு இடம், அவ்வளவுதான். அதை நடத்தியவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே அதைத் தேடுகிறவர். புத்தகங்களில் மற்றவர்களின் வெயிலும் எண்ணெய்க் கையும் வாசனையாக ஒட்டியிருக்கும். வெளியே தெரு காய்ந்து கிடக்கும். நான் கட்டிலுக்கு அடியில் குளிர்ந்த தரையில் முதுகைப் பதித்து, காலைச் சுவரில் ஏற்றி, ஆமைக் கப்பலில் ஏறிவிடுவேன். மகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நாளே அவளும் காலைச் சுவரில் ஏற்றினாள். மரபணு என்பது எங்கெல்லாம் போய் ஒளிந்துகொள்கிறது பாருங்கள்.

ஆறாம் பாகம் முடிந்த கோடையில் ஏழாவதைக் கேட்டேன். "அடுத்த வாரம் வந்துடும் தம்பி" என்றார் புத்தக நிலையக்காரர். அடுத்த வாரமும் அதையே சொன்னார். ஒரு கோடை முழுக்கச் சொன்னார். புத்தகம் வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அடுத்த கோடையில் அந்த இடத்தில் செருப்புக் கடை வந்துவிட்டது. தாடி அவளை இறக்கிவிட்டாரா இல்லையா என்கிற கேள்வியோடு நான் மீசை வளர்த்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். பார்க்கிற பழைய புத்தகக் கடையிலெல்லாம் கேட்டேன். முதல் ஆறு பாகங்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன, ஏழாவது மட்டும் கிடைக்கவில்லை. போன மாதம் ஒரு வியாபாரி, எடைக்கு வந்த காகிதக் கட்டுக்குள் கிடந்தது என்று ஏழாம் பாகத்தை அனுப்பிவைத்தார். பார்சலைப் பிரிக்கும்போது நான் கயிற்றைப் பல்லாலேயே கடித்து அறுத்ததை மனைவி பார்த்துவிட்டாள். அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். ஒருவர் சொன்னது, சொல்ல வந்தது, விழுங்கியது எல்லாம் அவளிடம் பதிவாகிவிடும்.

இந்தக் கோடையில் இன்னொரு காகிதமும் வீட்டில் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில், ஒரு பெரிய பல்லுக்கு அடியில். அந்தப் பல் நான் செய்த காந்தம். மகளுக்கு முதலில் விழுந்த முன்பல்லை ஐந்து மடங்கு பெரிதாக்கிச் செய்தது. காகிதம், ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய விடுதிப் பள்ளியின் சேர்க்கைப் படிவம். மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருக்கிற பள்ளி. தேர்வு எழுதி இடம் வாங்கிவிட்டாள். விண்ணப்பம் வாங்கிவந்த அறிவாளி யார் என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் மாணவியும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

"போறியா சுண்டு?" என்று போன வாரம் கேட்டேன். என் தோளைத் தாண்டி வளர்ந்த பிறகும் அவள் எனக்குச் சுண்டுதான்.

"பாக்கலாம்பா."

மனைவியிடம் கேட்டேன். "அவ என்ன சொல்றாளோ பாக்கலாம்." அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள். நானும் "பாக்கலாம்" என்றேன். "எங்க கோர்ட்ல இப்படிச் சொன்னா ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டிடுவார். ஆமாவா, இல்லையா, ரெண்டே பதில்தான்" என்றாள். எங்கள் வீட்டில் அந்த இரண்டைத் தவிர எல்லாப் பதிலும் கிடைத்தது.

ஆக, அந்தக் காலையில் இருவரும் மகளுக்குக் கண்ணாடி வாங்கப் போயிருந்தார்கள். புத்தகத்தில் நாங்கள் இருநூற்று முப்பத்தாறாம் பக்கத்தில் நின்றிருந்தோம். ஒரே ஒரு பக்கம், தாடி எந்தப் பக்கம் கப்பலைத் திருப்புகிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். தாடி கழுத்துச் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறார். தூரத்தில் கடைசிக் கிரகம் ஒரு மிளகு அளவு தெரிகிறது. என் இடது கை தன்பாட்டுக்குச் சாய்ந்தது. பதற்றத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தை மூடினேன். மேலே கனமாக ஏதாவது வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும் என்று அகராதியை வேறு தூக்கி வைத்தேன். பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால், இருநூற்று முப்பத்தேழிலிருந்து இருநூற்று எண்பது வரை ஒரே பாளம். வழவழப்பாக, மேலண்ணம் மாதிரி.

லீவு நாளில் லேபுக்கு ஓடினேன். அங்கே மெழுகு வேலை செய்கிறவனுக்குப் பெயரே மெழுகு. பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது யார் வாய்ண்ணே?"

"புத்தகம்டா."

"புத்தகத்துக்கு எதுக்குண்ணே பல் செட்டு?"

வெந்நீரில் போட்டோம், மசியவில்லை. கரைப்பானில் நனைத்தோம், எழுத்து கரைந்தது, ஈறு கரையவில்லை. கடைசியில் மெல்லிய அறுக்கும் சில்லால் ஓரத்தைச் சீவினான். ஒரே ஒரு இடத்தில் தெளிவாக ஒரு வார்த்தை கிடைத்தது. "முற்றும்."

"முடிவு கிடைச்சிருச்சுண்ணே" என்றான் மெழுகு.

மகளிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பாளத்தைக் காட்டினால், புத்தகம் ஏன் அந்த இடத்தில் விரிந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு வருடச் சட்டத்தை, அதுவும் கடைசிக் கோடையில், நான்தான் மீறினேன் என்று எப்படிச் சொல்வது? கடைசிக் கோடை என்ற வார்த்தை என் மனதில் தானாக வந்து உட்கார்ந்ததை அப்போதுதான் கவனித்தேன். உடனே எழுப்பி விரட்டினேன்.

மூன்று மணிக்கு வழக்கம்போலப் படுத்தோம். புத்தகத்தை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இல்லாத இருநூற்று முப்பத்தேழாம் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தேன். பக்கம் புரட்டுகிற சத்தத்துக்கு மளிகைப் பட்டியலை உள்ளே செருகி வைத்திருந்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சோப்பும் முட்டையும் சரசரத்தன. முதல் நாள் விண்கல் மழையை வரவழைத்தேன். ஆமை ஒரு நிலவின் குகைக்குள் ஒதுங்கியது. குகைக்குள் ஒரு பூதம். ஜலதோஷம் பிடித்த பூதம், மூக்கு ஒழுக ஒழுகக் கர்ஜித்தது. மகள் சிரித்தாள். புதுக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த எழுத்தாளர் இந்த பாகத்துல நல்லா எழுதறாருல்ல?" என்றேன், வெட்கமே இல்லாமல்.

"ம். கொஞ்சம் மாறிட்டாரு" என்றாள்.

இரண்டாம் நாள் எஞ்சினைப் பழுதாக்கினேன். உதிரிபாகம் தேடி மூன்று கிரகம் திருப்பி அனுப்பினேன். வாசிக்க வாசிக்க என் கண் அலமாரிக்குப் போனது. மேல் தட்டில் ஆறு இளஞ்சிவப்பு ஆமைக் கப்பல்கள், பாகத்துக்கு ஒன்று. அதற்குக் கீழே ஆறு வெள்ளைப் பற்கள் வரிசை, அவளுடையவை. ஒவ்வொரு கோடையிலும் அவள் வாயை அளவெடுத்துச் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து வைப்பேன். ஏழு வயதில் முன்னால் இரண்டு ஓட்டை. எட்டில் ஓட்டையில் ரம்பம் மாதிரி இரண்டு பெரிய பல். ஒன்பதில் ஒரு தெற்றுப்பல். அந்த வருடம்தான் நான்காம் பாகம் வரைக்கும் பொறுக்க முடியாது, இப்பவே சொல்லு, முத்திரை வீட்டுக்குப் போயிடுவாளா என்று அழுதாள். எனக்கே தெரியாதுடா என்றேன். நம்பவில்லை. அப்பாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்க முடியும் என்று நம்பாத வயது. இந்தக் கோடையில் அளவெடுக்கிற தட்டை எடுத்துவந்தபோது, "வேணாம்பா, இனிமே மாறாது" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். சரியாகத்தான் சொன்னாள். எல்லாப் பல்லும் முளைத்துவிட்டது.

அன்று மாலை மனைவி என் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்தாள். "வீடு முழுக்க உங்க லேப் வாசம். என்ன செஞ்சீங்க?"

"வால்துடுப்பு."

"வால்துடுப்பு" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பதிவாகிவிட்டது என்று தெரிந்தது. "நாளைக்கு வியாழக்கிழமை. நீங்க அவகிட்ட நேரா கேளுங்க. நான் கேட்டா அவ உங்களைப் பாக்கறா."

மூன்றாம் நாள் முடித்தாக வேண்டும். அதற்கு மேல் மளிகைப் பட்டியல் தாங்காது. காலையிலிருந்து யோசித்து ஒரு முடிவு தயாரித்திருந்தேன். என் மனசாட்சிப்படி அது அற்புதமான முடிவு. மனைவி கோர்ட் விடுமுறையிலும் பக்கத்து அறையில் யாருடைய வாக்குமூலத்தையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மகள் சுவரில் காலை ஏற்றினாள். குதிகால் இப்போது ஜன்னல் கட்டை வரைக்கும் போகிறது. அவள் ஏழு வயதில் வைத்த குதிகால் அழுக்கு, ஒரு சாண் கீழே, வெள்ளையடித்த பிறகும் தெரிகிறது.

"தாடி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார்" என்று வாசித்தேன். "கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். கடைசிக் கிரகம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அது எப்போதோ வெடித்துச் சிதறியிருந்தது. 'முகவரியில் இடமே இல்லை. தபால் சட்டப்படி, சேர்க்க முடியாத பார்சலை ஓட்டுநரே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்' என்றார் தாடி. ஆமை மெதுவாகத் திரும்பியது." பட்டியலைச் சரசரக்க வைத்தேன்.

"இருக்குப்பா" என்றாள் மகள்.

"என்ன இருக்கு?"

"அந்தக் கிரகம். அங்கேயேதான் இருக்கு."

காலைச் சுவரிலிருந்து இறக்கி, எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். பாளத்தை விரல் முட்டியால் தட்டினாள். டொக் டொக் என்றது. மளிகைப் பட்டியலை எடுத்து மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"எப்ப படிச்ச?" என்றேன்.

"பார்சல் வந்த மறுநாளே. நீ லேபுக்குப் போயிட்ட. ஒரே மூச்சுல முடிச்சுட்டேன்."

"அப்ப நம்ம சட்டம்?"

"நீ மட்டும் என்ன, கண்ணை மூடிக்கிட்டா ஈறு ஊத்தின?"

சட்டைப் பையில் இருந்த பட்டியலைத் தடவிக்கொண்டேன்.

"தெரிஞ்சுமா மூணு நாளா கேட்டுட்டிருந்த?"

"நீ எவ்ளோ தூரம் திருப்பிட்டுப் போவேன்னு பாத்தேன்." புத்தகத்தின் முதுகைத் தடவினாள். "அந்தச் சளி பூதம் நல்லாருந்துச்சுப்பா. நிஜமா. புக்ல அப்படி ஒண்ணும் இல்ல."

"உனக்கு எதுக்குடா அவ்ளோ அவசரம்?"

"எனக்கு அது தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. முத்திரையும் தாடியும் கடைசில எப்படிச் சொல்லிக்கறாங்கன்னு."

என்ன சொல்லிக்கொள்வது என்று நான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் உள்ளே கிடந்த கேள்வி முண்டியடித்து முதலில் வந்துவிட்டது. "இறக்கிவிட்டாரா?"

"இல்ல. அவரு இறக்கிவிடவே இல்ல."

"பாத்தியா! எனக்கு அப்பவே தெரியும்!" கிட்டத்தட்ட எழுந்து குதித்துவிட்டேன்.

"இருப்பா. முழுசா கேளு. அவரு பதினோரு தடவை பக்கத்துல போய்ப் போய்த் திரும்பறாரு. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். பன்னெண்டாவது தடவை அவரு தூங்கிட்டிருக்கும்போது அவளே ஓட்டிட்டுப் போய் எறக்கிடறா. ஆறு பாகமா பக்கத்துல உக்காந்து பாத்திருக்கால்ல, ஓட்டத் தெரியாதா? அப்புறம் அவரைத் தட்டி எழுப்பறா. வந்துட்டோம்னு சொல்றா."

"சொல்லாம போகல?"

"சொல்லிட்டுத்தான் போறா."

"அவரு என்ன சொன்னாரு?"

"ரசீதுப் புத்தகத்தை எடுத்து நீட்டறாரு. பார்சலை வாங்கிக்க அவதானே இருக்கா. அவளே கையெழுத்துப் போடறா. அவ்ளோதான். முற்றும்."

"அதுக்கப்புறம் அவரு? திரும்பிப் போறப்போ கப்பல்ல தனியா..."

"அது புக்ல இல்லப்பா."

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்று எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. மகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பல் கதவிலிருந்து பெயர்கிற சத்தம் கேட்டது, டக்கென்று, சின்னதாக. வெறும் பொம்மைக் காந்தம்தான். ஆனாலும் என் நாக்கு என்னையறியாமல் என் பற்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தது. திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். படிவத்தை வைத்து எழுதத் தரை சரிப்படாமல் அங்குமிங்கும் பார்த்தாள்.

"சுண்டு" என்றேன். "போறியா?"

"போறேன்பா. எனக்குப் போகணும்."

ஏழாம் பாகத்தை எடுத்து மடியில் போட்டு, அதன்மேல் படிவத்தை விரித்தாள். கல் மாதிரி சமமாக இருந்தது. எழுத நன்றாக வாகாக இருந்திருக்க வேண்டும். பேனா ஒருமுறைகூட நிற்கவில்லை. பிறகு அவள் பேனாவை என் பக்கம் நீட்டினாள். புதுக் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன. மின்விசிறிக் காற்றில் படிவத்தின் ஓரம் படபடத்தது. அது பறந்துவிடாமல் இருக்க, ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.